நெல்லுக்குள் யார் யாரை ஏவுகிறார்கள்: ஹார்மோனா, படியெடுப்புக் காரணியா?

பந்தலூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், முதுகலைத் தாவரவியல் படிக்கிறாராம், வீட்டில் வயலும் இருக்கிறதாம். அவர் கேட்டதன் சாரம் இது: வகுப்பில் ஒருவர் ஹார்மோன் போய் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டரை இயக்குகிறது என்று நடத்தினார், படித்த ஒரு கட்டுரையில் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர்தான் ஹார்மோனைக் கட்டுப்படுத்துகிறது என்று இருந்தது, இரண்டில் எது சரி? எங்கள் வயலில் கந்தகசாலை நெல் அறுப்பு நேரத்து மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? மருந்து அடித்துச் சரிசெய்ய முடியுமா? பார்க்க மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. செடிக்குள் உத்தரவு எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. அது தெரிந்தால்தானே வெளியிலிருந்து கை வைக்க முடியுமா, முடியாதா என்று சொல்ல முடியும்.

நான் பதினெட்டு வருடம் நெல் ஆய்வகங்களில் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி ஜிப்ரலின், எத்திலீன் என்கிற இரண்டு தாவர ஹார்மோன்கள்தான். இப்போது கூடலூரில் வீட்டோடு இருக்கிறேன். பூச்சி, நோய் எதிர்ப்புப் பக்கம் என் கை படவில்லை, அங்கே மற்றவர்கள் செய்ததைப் படித்தவன் மட்டுமே. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டரைத் தமிழ்ப் பாடநூல் வழக்கில் படியெடுப்புக் காரணி என்றே எழுதிவிடுகிறேன். 2005-ல் நெல்லின் மரபுத்தொகுதியை முழுசாக வாசித்து முடித்தபோது ஏறக்குறைய 37,500 மரபணுக்கள் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். எல்லாம் எல்லா செல்லிலும் இருக்கின்றன, வேரிலும் இருக்கின்றன, மகரந்தத்திலும் இருக்கின்றன. ஆனால் எது எங்கே எப்போது படித்தெடுக்கப்பட வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறதே, அதை நடத்துகிற புரதங்கள்தான் படியெடுப்புக் காரணிகள். ஒரு மரபணுவுக்கு முன்னால் இருக்கிற டிஎன்ஏ துண்டில் தனக்குப் பொருந்துகிற சில எழுத்துகளைத் தேடிப்பிடித்து உட்கார்ந்துகொள்ளும். சிலது உட்கார்ந்தால் மரபணு பேச ஆரம்பிக்கும், சிலது உட்கார்ந்தால் வாயை மூடிக்கொள்ளும். நெல்லில் இப்படிப்பட்டவை 1,500-க்கு மேல் இருக்கின்றன, எதையெல்லாம் சேர்த்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து கணக்கு ஏறும்.

சரி, ஹார்மோன் இதில் எங்கே வருகிறது? இதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொண்டதைவிட ஒரு தட்டில் பார்த்துத்தான் நான் நன்றாகப் புரிந்துகொண்டேன். உமி நீக்கிய நெல்மணியைக் குறுக்கே இரண்டாக வெட்ட வேண்டும். கரு இருக்கிற பாதியைத் தள்ளிவிட்டு, கரு இல்லாத பாதியை நன்றாகக் கிருமிநீக்கம் செய்து, மாவுச்சத்து கலந்த அகார் தட்டில் வெட்டுமுகம் கீழே படும்படி வைக்க வேண்டும். ஒரு தட்டில் ஜிப்ரலின் கலந்திருக்கும், இன்னொன்றில் இருக்காது. இருட்டில் மூன்று நாள். அப்புறம் அயோடின் ஊற்றினால் தட்டு முழுக்கக் கருநீலமாகிவிடும். ஜிப்ரலின் இருந்த தட்டில் மட்டும் ஒவ்வொரு அரை மணியைச் சுற்றியும் ஒரு வெள்ளை வட்டம், சந்திரனைச் சுற்றி ஊர்கோள் கட்டின மாதிரி, தெளிவாக நிற்கும். அந்த இடத்தில் இருந்த மாவுச்சத்தை மணியின் ஓரத்து அலுரோன் அடுக்கு அமைலேஸ் சுரந்து கரைத்துவிட்டது என்று அர்த்தம். முழு மணியில் இந்த ஜிப்ரலினைக் கொடுப்பது கரு. கருவை வெட்டி எறிந்துவிட்டதால் நாம் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

அந்த வெள்ளை வட்டத்துக்குப் பின்னால் நடப்பது இது. ஜிப்ரலின் நேராகப் போய் அமைலேஸ் மரபணுவைத் தொடுவதில்லை. அமைலேஸ் மரபணுவின் முன்பகுதியில் உட்கார்ந்து அதைப் பேசவைப்பது காமிப் என்கிற படியெடுப்புக் காரணி, மிப் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த காமிப் கெட்டுப்போன நெல்லில் எவ்வளவு ஜிப்ரலின் கொடுத்தாலும் வட்டம் விழாது. அந்தச் செடிகளின் மகரந்தமும் சரியாக உருவாகாமல் மலடாகிவிடும், ஒரே காரணி விதையிலும் பூவிலும் வேலை செய்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. சாதாரண நாளில் காமிப் எழும்பாமல் பார்த்துக்கொள்வது எஸ்எல்ஆர்1 என்கிற இன்னொரு புரதம். இதைத்தான் டெல்லா புரதம் என்பார்கள். ஜிப்ரலின் வந்ததும் அதை வாங்கிக்கொள்கிற புரதமான ஜிஐடி1 என்கிற ஏற்பிக்குள் புகுந்துகொள்ளும், ஏற்பியின் வடிவம் மாறும், மாறின ஏற்பி எஸ்எல்ஆர்1-ஐப் பிடித்துக்கொள்ளும், ஜிஐடி2 அடங்கிய புரதக் கூட்டம் அதற்கு யுபிகுவிட்டின் முத்திரை குத்தி அழிப்புக்கு அனுப்பிவிடும். ஜிஐடி1-ஐ 2005-ல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு நெல்லில்தான் முதன்முதலில் கண்டுபிடித்தது. ஜிப்ரலினே நெல்லோடு பிறந்த கதைதான். 1926-ல் தைவானில் வேலைபார்த்த குரோசாவா, நாற்றைத் தறிகெட்டு உயரவைக்கிற பகானே நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை சுரக்கிற பொருள் என்று காட்டினார், 1935-ல் யாபுடா அந்தப் பூஞ்சையின் பெயரை ஒட்டி அதற்கு ஜிப்ரலின் என்று பேர் வைத்தார்.

ஆக, ஜிப்ரலின் செய்தது ஒரு தடையை எடுத்தது. வயலில் மடையைத் திறக்கும்போது நாம் தண்ணீரைத் தள்ளிவிடுவதில்லையே, அடைத்து வைத்த மண்ணை வாரி எறிகிறோம், தண்ணீர் தானாகப் போகிறது. எந்தப் பக்கம் போகும் என்பதை வாய்க்கால் முடிவு செய்கிறது. ஹார்மோன் மண்ணை எடுக்கிற கை, படியெடுப்புக் காரணிகள் வாய்க்கால். அதனால்தான் அதே ஜிப்ரலின் விதையில் அமைலேஸ் சுரக்கவைக்கிறது, தண்டில் கணுவிடையை நீட்டுகிறது, பூவில் மகரந்தத்தை முதிரவைக்கிறது. கை ஒன்றுதான், அந்தந்த இடத்தில் வெட்டியிருக்கிற வாய்க்கால் வேறு.

தடையை எடுப்பது என்கிற இந்த வடிவம் நெல்லின் மற்ற ஹார்மோன்களிலும் திரும்பத் திரும்ப வரும். ஆக்சினில் தடை ஆக்ஸ்/ஐஏஏ புரதங்கள், அவை போனால் ஏஆர்எஃப் காரணிகள் விடுபடும். ஜாஸ்மோனேட்டில் தடை ஜாஸ் புரதங்கள், விடுபடுவது மிக்2. ஸ்ட்ரிகோலாக்டோனில் தடை டி53. எத்திலீன் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே இஐஎல்1 என்கிற படியெடுப்புக் காரணியே ஓயாமல் உருவாகி அழிந்துகொண்டிருக்கும், எத்திலீன் வந்தால் அந்த அழிவு நிற்கும், காரணி குவியும். அப்சிசிக் அமிலத்தில் ஏற்பி போய், பாஸ்பேட்டைக் கழற்றுகிற ஒரு நொதியை (பாஸ்பேட்டேஸ்) முடக்கும், அதனால் விடுதலையாகிற கைனேஸ் என்கிற நொதி பிஜிப் வகைக் காரணிகளுக்குப் பாஸ்பேட் ஏற்றி எழுப்பிவிடும். சைட்டோகைனினில் பாஸ்பேட் கைமாறிக் கைமாறிக் கடைசியில் படியெடுப்புக் காரணியிடம் வந்து சேரும். வழி எதுவானாலும் கடைசி நிறுத்தம் மரபணுவின் முன்பகுதி. உங்கள் வகுப்பில் நடத்தியது இந்தப் பாதியை, அது முழுக்கச் சரி.

இப்போது மறுபாதி. ஹார்மோன் எங்கிருந்து வந்தது? அதைத் தயாரிக்கிற நொதிகளுக்கும் மரபணு உண்டு, அந்த மரபணுக்களுக்கும் முன்பகுதி உண்டு, அங்கேயும் ஒரு படியெடுப்புக் காரணி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் எஸ்டி1 மரபணு. ஜிப்ரலின் தயாரிப்பில் ஒரு படியைச் செய்கிற நொதி அதிலிருந்து வருகிறது. 1966-ல் பிலிப்பைன்ஸிலிருந்து வெளிவந்த ஐஆர் 8, தன் தைவான் பெற்றோரான டீ-ஜியோ-வூ-ஜென்னிலிருந்து வாங்கிக்கொண்ட குட்டைத்தன்மை இந்த மரபணுவில் 383 எழுத்துகள் விடுபட்டுப்போனதால் வந்தது என்று 2002-ல்தான் தெரிந்தது. தண்டுக்குப் போகிற ஜிப்ரலின் குறைந்தது, செடி குட்டையானது, உரம் போட்டாலும் சாயவில்லை. பூவில் ஜிப்ரலின் தயாரிக்க இதன் உடன்பிறப்பான இன்னொரு மரபணு இருந்ததால் மகசூலுக்கு அடி விழவில்லை. அந்த உடன்பிறப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால் பசுமைப் புரட்சியின் கதையே வேறாகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இதே எஸ்டி1 வங்கதேசத்து ஆழநீர் நெல்லில் நேர் எதிரான வேலையைச் செய்கிறது. வெள்ளம் ஏற ஏற அந்த நெல்லும் ஏறும், ஒரே நாளில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீளும். தண்ணீருக்குள் எத்திலீன் வெளியேற முடியாமல் திசுவிலேயே தேங்கும். எத்திலீன் தேங்கினால் இஐஎல்1ஏ என்கிற படியெடுப்புக் காரணி குவியும். அது நேராக எஸ்டி1-இன் முன்பகுதியில் போய் உட்காரும். எஸ்டி1 பொங்கி எழும், ஜிப்ரலின் கொட்டும், கணுவிடை நீளும். 2018-ல் ஜப்பானியக் குழு இதை வெளியிட்டபோது அந்தக் கட்டுரையை நான் இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். பாருங்கள் தம்பி, ஒரு ஹார்மோன் ஒரு காரணியைக் குவிக்கிறது, அந்தக் காரணி இன்னொரு ஹார்மோனைத் தயாரிக்கவைக்கிறது, அந்த ஹார்மோன் இன்னொரு தடையை எடுத்து வேறு காரணிகளை விடுவிக்கிறது. இதில் எங்கே நிறுத்தி யார் முதலாளி என்று கேட்பீர்கள்? நீங்கள் படித்த கட்டுரையும் சரி, வகுப்பும் சரி. இரண்டு பேரும் ஒரே செக்கை வெவ்வேறு பக்கம் நின்று பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது சப்1ஏ-வைச் சொல்லாமல் விட முடியாது. 2006-ல் கண்டுபிடித்தார்கள், ஒடிசாவின் பழைய ரகத்திலிருந்து தேர்ந்த எஃப்ஆர்13ஏ-வில் இருந்தது. இதுவும் ஒரு படியெடுப்புக் காரணி, ஈஆர்எஃப் என்கிற குடும்பம். ஆழநீர் நெல்லைத் தண்ணீருக்கு மேலே இழுக்கிற ஸ்நார்கெல் காரணிகளும் (2009) அதே ஈஆர்எஃப் குடும்பம்தான். இரண்டையும் தூண்டுவது எத்திலீன்தான். ஆனால் ஸ்நார்கெல் ஏறு என்கிறது, சப்1ஏ அசையாதே என்கிறது. சப்1ஏ இருக்கிற நெல்லில் மூழ்கும்போது எஸ்எல்ஆர்1 குறையாமல் கூடும், அதாவது ஜிப்ரலினின் மடையில் கூடுதல் மண். செடி வளராமல் மாவுச்சத்தைச் சேமித்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்துவிட்டுத் தண்ணீர் வடிந்ததும் எழுந்துகொள்ளும். 2009-ல் இந்தியாவில் வந்த ஸ்வர்ணா சப்1, நம் டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்த சி.ஆர். 1009 சப்1 எல்லாம் இந்த ஒரு காரணியை மரபுவழிக் கலப்பில் உள்ளே கொண்டுவந்தவை. குடும்பப் பெயரை வைத்து ஒரு காரணி என்ன செய்யும் என்று முடிவுகட்டக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்லும்போது நான் காட்டுவது இந்த ஜோடியைத்தான்.

ஹார்மோனின் அளவுக்கும் ஹார்மோனைக் கேட்கிற காதுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் மலையிலேயே பார்க்கலாம். குன்னூர் போகிறவர்களுக்கு வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருப்பது தெரிந்திருக்கும். துருநோய் ஆய்வுக்குப் பேர்போனது. குட்டைக் கோதுமையும் பசுமைப் புரட்சிதான், குட்டை நெல்லும் பசுமைப் புரட்சிதான், ஆனால் குட்டையான காரணம் வேறு. கோதுமையின் ஆர்ஹெச்டி மரபணுக்கள் டெல்லா புரதத்தையே மாற்றிவிட்டன (1999-ல் தெரிந்தது), ஏற்பியால் அதைப் பிடிக்க முடியாது, ஜிப்ரலின் எவ்வளவு இருந்தாலும் தடை நகராது. எஸ்டி1 நெல்லில் தடையும் காதும் ஒழுங்காக இருக்கின்றன, ஹார்மோன்தான் குறைவு. அதனால் குட்டை நெல் நாற்றில் ஜிப்ரலின் தெளித்தால் நான்கைந்து நாளில் வெளிறி, மெலிந்து, பகானே பிடித்த மாதிரி கிடுகிடுவென்று ஏறும். குட்டைக் கோதுமையில் தெளித்தால் அந்த மாதிரி ஏறாது. ஒரே புட்டியிலிருந்து இரண்டு தொட்டிக்கும் தெளித்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், கண்ணுக்கே தெரியும். மருந்து அடித்துச் சரிசெய்யலாமா என்ற உங்கள் கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரியாமல் வெளியிலிருந்து ஹார்மோன் ஊற்றினால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

அண்மையில் செய்தியில் அடிபட்ட ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். 2025 மே மாதம் மத்திய அரசு மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. சம்பா மசூரியிலிருந்து வந்த கமலா, எம்டியு 1010-இலிருந்து வந்த பூசா டிஎஸ்டி ரைஸ் 1. செய்திகளில் இரண்டும் தனித்தனிச் சங்கதி மாதிரி எழுதினார்கள். உள்ளே பார்த்தால் ஒரே வாய்க்காலின் இரண்டு இடம். கமலாவில் திருத்தியது சிகேஎக்ஸ்2 மரபணுவை, அது சைட்டோகைனினை உடைக்கிற நொதி, அது குறைந்தால் கதிரில் சைட்டோகைனின் தங்கி மணி கூடும் என்பது 2005-லேயே ஜப்பானில் காட்டப்பட்டது. டிஎஸ்டி என்பது ஒரு படியெடுப்புக் காரணி, அது அந்த சிகேஎக்ஸ்2-இன் முன்பகுதியில் உட்கார்ந்து அதைப் பேசவைக்கிறது என்று 2013-ல் தெரிந்தது. டிஎஸ்டி இலைத்துளை மூடுவதையும் தடுக்கிற காரணி என்பதால் அதைக் கெடுத்தால் வறட்சியும் உப்பும் தாங்கும் என்பது கணக்கு. நொதியைத் தொட்டால் விளைவு ஒரு திசையில், காரணியைத் தொட்டால் பல திசையில். ஆய்வகத்தில் இந்த இணைப்பு உறுதியானது. வயல் சோதனைத் தரவுகள் என்ன சொல்கின்றன என்பதில் அறிவிப்புக்குப் பிறகு வாக்குவாதம் நடந்தது, பல ஊரில் பல போகம் விளைந்து பார்க்காமல் யாரும் கையடித்துச் சத்தியம் செய்யக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

தூர் வெடிப்பது பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தேயிலைக்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கொழுந்தைக் கிள்ளினால் பக்கத்து மொட்டு எழும்புகிறது, கவாத்து அடித்தால் செடி விரிகிறது. நுனியிலிருந்து இறங்குகிற ஆக்சினும் அதோடு சேர்ந்த ஸ்ட்ரிகோலாக்டோனும் மொட்டை அடக்கி வைத்திருந்தன. நெல்லில் ஸ்ட்ரிகோலாக்டோன் தூரை அடக்குகிறது என்று 2008-ல் தெரிந்தது. அது டி53 தடையை அழித்ததும் விடுபடுகிற காரணிகளில் முக்கியமானது ஐபிஏ1. இதன் செய்தி நகலைக் கத்தரித்து அளவாக வைத்திருப்பது மைக்ரோ ஆர்என்ஏ 156 என்கிற சின்ன ஆர்என்ஏ. அந்தக் கத்தரி படுகிற இடத்தில் ஒரு எழுத்து மாறினதால் ஐபிஏ1 கூடிப்போன நெல்லில் வீண் தூர் குறைந்து, தண்டு தடித்து, கதிரில் மணி கூடியது. 2010-ல் இரண்டு குழுக்கள் இதைச் சொன்னபோது எல்லாரும் கொண்டாடினோம். ஆனால் அது அளவு மீறினால் தூரே குறைந்து மகசூல் இறங்குகிறது. இன்னொன்று, ஐபிஏ1 டி53-இன் மரபணுவையும் தூண்டுகிறது, அதாவது தன் வாயை அடைக்கிற மண்ணைத் தானே வெட்டிப்போடுகிறது. செடிக்குள் இந்த மாதிரிச் சுழல்கள் நிறைய. அதனால்தான் ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று கூடும் என்ற நேர்கணக்கு இங்கே அடிக்கடி பொய்த்துப்போகிறது.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஆய்வுக்கட்டுரை படிக்கிற இடத்துக்கு வந்துவிட்டீர்கள். ஜிப்ரலின், ஏற்பி, டெல்லா, இந்த மூன்றின் உறவு கல்வெட்டு மாதிரி. படிக வடிவமே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், மரபுவழியிலும் வேதியியலிலும் பல நாட்டில் பல கையில் நின்றிருக்கிறது. காமிப்பும் அமைலேஸும், எஸ்டி1-உம் குட்டைத்தன்மையும், சப்1ஏ-வும் மூழ்கல் தாங்குதலும் அப்படித்தான். ஆனால் "இந்தக் காரணி இன்ன ஹார்மோன் வழியைக் கட்டுப்படுத்துகிறது" என்று மாதாமாதம் வருகிற கட்டுரைகளில் கணிசமானவை மூன்று விஷயத்தின் மேல் நிற்கும்: ஈஸ்ட்டுக்குள் வைத்துப் பார்த்தபோது ஒட்டிக்கொண்டது, செல்சுவர் நீக்கிய செல்லில் அளவுக்கு மீறிக் கொடுத்தபோது, அடையாளத்துக்கு வைத்த ஒளிரும் மரபணு விளக்கு மாதிரி எரிந்தது, செடியில் அந்த மரபணுவை அதிகமாக ஓடவிட்டபோது உருவம் மாறியது. மூன்றும் நடந்தது உண்மை. வயலில் நிற்கிற செடியில், இயல்பான அளவில் அந்தக் காரணி அந்த வேலையைச் செய்கிறது என்பதற்கு அது போதாது. ஒரு காரணி மரபுத்தொகுதியில் ஆயிரக்கணக்கான இடத்தில் ஒட்டுவதாகக் காட்டும் சோதனைகள் உண்டு, ஒட்டின இடத்திலெல்லாம் வேலை நடக்காது. நான் பார்ப்பது அந்த மரபணுவைக் கெடுத்த செடி இருக்கிறதா, ஒன்றுக்கு மேற்பட்ட வரிசையில் (தனித்தனியாக மரபணு மாற்றிய செடிகளின் வம்சங்களில்) அதே விளைவு வந்திருக்கிறதா, மரபணுவைத் திருப்பிக் கொடுத்தபோது செடி தேறியதா என்பதை.

இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். ஒரு ஈஆர்எஃப் காரணியை அதிகமாக ஓடவிட்ட நெல் வரிசை ஒன்று எங்களிடம் குட்டையாக, கரும்பச்சையாக, இலையெல்லாம் விறைத்து நின்றது. ஜிப்ரலின் தெளித்தால் தேறியது. ஜிப்ரலின் தயாரிப்பை அடக்குகிற காரணி கிடைத்துவிட்டது என்று இரண்டு வருடம் அதன்மேல் வேலை செய்தோம். பிறகு அடுத்த நான்கு வரிசைகளில் குட்டைத்தன்மையே இல்லை. முதல் வரிசையில் நாங்கள் செருகின துண்டு போய் விழுந்த இடம் வேறொரு மரபணுவின் நடுவில், குட்டையானது அதனால். அந்த இரண்டு வருடமும் உடன் வேலைபார்த்த மாணவியின் முனைவர் பட்டக் காலம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, அதனால்தான் ஒரே வரிசையை நம்பாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அப்புறம், இந்த ஆய்வுகளில் பெரும்பான்மை நிப்பான்பாரே, கிட்டாகே மாதிரி ஜப்பானிய ரகங்களில், கண்ணாடிக் கூடத்தில் செய்தவை. நம் பக்கம் விளைகிற இண்டிகா ரகங்களுக்கும் நம் மழைக்கும் அதை அப்படியே இறக்கிவைக்க முடியாது.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். கந்தகசாலை உயரமான, வாசனையுள்ள பழைய ரகம், எஸ்டி1 அங்கே உடையாமல் இருக்கிறது என்று உயரத்தைப் பார்த்தே ஊகிக்கலாம். ஊகம்தான், அதன் டிஎன்ஏ எழுத்துகளை வாசித்துப் பார்த்தால்தான் உறுதி. கதிர் கனத்து, தரை ஈரமாகி, காற்றடித்தால் சாயும். சாய்ந்த கதிர் ஈரத்திலேயே கிடந்தால் முளைப்பது அடுத்த கட்டம், அங்கே ஆட்டம் அப்சிசிக் அமிலத்துக்கும் ஜிப்ரலினுக்கும் நடுவில். மணி முதிரும்போது அப்சிசிக் அமிலம் விதையைத் தூங்கவைக்கிறது, அதற்குத் துணையாக விபி1 என்கிற படியெடுப்புக் காரணி நிற்கிறது. விபி1 எஸ்டிஆர்4 என்கிற மரபணுவைப் பேசவைக்கிறது, அதுதான் உறக்கத்தின் ஆழத்தை ரகத்துக்கு ரகம் மாற்றுகிற முக்கியமான ஒன்று என்று 2010-ல் காட்டினார்கள். 2022-ல் சீன ஆய்வாளர்கள் எஸ்டி6, ஐசிஇ2 என்று எதிரும் புதிருமான இரண்டு காரணிகளைச் சொன்னார்கள், ஒன்று உறக்கத்தைக் கலைக்கிறது, மற்றது காக்கிறது, வெப்பம் ஏறினால் கலைப்பவன் கை ஓங்கும், குளிர்ந்தால் காப்பவன் கை ஓங்கும். அப்சிசிக் அமிலம் எவ்வளவு தயாராகிறது, எவ்வளவு உடைகிறது என்பதை இவை ஆட்டுகின்றன. உறக்கம் மேலோட்டமாக இருந்து, ஈரமும் கதகதப்பும் சேர்ந்தால் ஜிப்ரலின் ஏறும், எஸ்எல்ஆர்1 போகும், காமிப் எழும், அமைலேஸ் ஓடும். நான் தட்டில் பார்த்த அந்த வெள்ளை வட்டம் உங்கள் வீட்டுக் கதிரில் ஒவ்வொரு மணிக்குள்ளும் விழுந்திருக்கிறது. முளைத்த நெல்லின் அரிசி சமைத்தால் குழைந்து, இனித்துக் கிடப்பது அதனால்தான்.

மருந்து அடிக்கலாமா என்றால், நான் அடிக்கமாட்டேன். ஜிப்ரலின் தயாரிப்பைத் தடுத்துத் தண்டைக் குட்டையாக்குகிற பக்லோபியூட்ரசோல் போன்றவை கடையில் கிடைக்கின்றன, ஆனால் அது மண்ணில் நெடுநாள் தங்கும், நம் வயல் தண்ணீர் அடுத்தவன் வயலுக்கும் ஓடைக்கும் இறங்குகிறது. ஜிப்ரலினைத் தெளித்தால் சாய்வது இன்னும் மோசமாகும். கலப்பின நெல் விதை உற்பத்தியில் ஆண்மலட்டு வரிசையின் கதிர் பொதியை விட்டு வெளியே வரத் தெளிப்பார்கள், அது வேறு தேவை. உடனே செய்யக்கூடியது பழைய வழிதான்: தழைச்சத்தைக் குறைத்துப் பிரித்துப் போடுவது, மணி முற்றும்போது தண்ணீரை வடித்துவிடுவது, சாய்ந்தால் நாலைந்து தூரைச் சேர்த்துக் கட்டிக் கதிரைத் தரையிலிருந்து தூக்குவது, மழை வருகிறது என்று தெரிந்தால் நாலு நாள் முன்னாலேயே அறுத்துவிடுவது. நீண்டகால வழி, வாசனை கெடாமல் குட்டையாக்குகிற எஸ்டி1 வடிவத்தையும் ஆழ்ந்த உறக்கம் தருகிற எஸ்டிஆர்4 வடிவத்தையும் கலப்பின் மூலம் கந்தகசாலைக்குள் கொண்டுவருவது. செய்ய முடியாத காரியம் இல்லை, ஆனால் ஏழெட்டுத் தலைமுறை பின்கலப்பு, அதாவது திரும்பத் திரும்பக் கந்தகசாலையோடே கலப்பது, ஒவ்வொரு முறையும் வாசனை பார்த்துத் தேர்வு.

நீங்கள் மாணவர் என்பதால் ஒரு வேலை தருகிறேன், செலவில்லாதது. இந்தப் போகத்தில் பூத்த தேதியைச் சில கதிர்களில் நூல் கட்டிக் குறித்துவையுங்கள். பூத்து முப்பது, முப்பத்தைந்து, நாற்பதாம் நாளில் ஐந்தைந்து கதிர் பறித்து, ஈரத் துணியில் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள், ஏழாம் நாள் எத்தனை மணி முளைத்திருக்கிறது என்று எண்ணுங்கள். பக்கத்து வயலில் ஏதாவது குட்டை ரகம் இருந்தால் அதிலும் அதே மாதிரி. துணியைச் சுற்றி வைத்த இடத்தின் வெப்பநிலையையும் தினம் குறித்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன எஸ்டி6, ஐசிஇ2 விஷயம் அதில்தான் தெரியும். எண்ணிக்கை வந்ததும் இங்கேயே எழுதுங்கள், உங்கள் கந்தகசாலையின் உறக்கம் எந்த நாளில் கலைகிறது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.